நூற்று இருபத்தொன்பதாம் நாள் காய்ச்சிய எண்ணெய்

என் ராத்தா காய்ச்சிய தலையெண்ணெய் எங்கள் ஊருக்கு வேண்டாததாகிப் போனது 1982ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தின் ஒரு சனிக்கிழமையில். எண்ணெயில் ஒரு குறையும் இருக்கவில்லை. நான் எண்ணிக் கொடுத்த ஒரு கணக்குத்தான் அதற்குக் காரணம். அந்தக் கணக்கும் பிழையில்லை. அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி. இதை எழுதிவைக்க வேண்டும் என்று பல வருடங்களாக நினைத்துக்கொண்டிருந்தேன். எழுத உட்கார்ந்தபோதுதான், அது சரியாக இருந்ததால் யாருக்கும் ஒரு பலனும் கிடைக்கவில்லை என்பது உறைத்தது.

ராத்தா என் அக்கா, எனக்கு ஆறு வயது மூத்தவள். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. உம்மாவின் வீடு ராத்தாவுக்குச் சீதனமாக எழுதப்பட்டது, மச்சான் அங்கே வந்து குடியிருந்தார். நான் கலியாணம் முடித்து இரண்டு தெரு தள்ளி என் மனைவியின் வீட்டுக்குப் போனேன். கல்முனையில் ஒரு கந்தோரில் எழுதுவினைஞர் வேலை. எதையும் நாளும் கிழமையும் போட்டு எழுதிவைக்கும் பழக்கம் எனக்குப் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே உண்டு. மழை பெய்த நாள், பிறை கண்ட நாள், மாடு கன்று போட்ட நாள் எல்லாம் என் கொப்பிகளில் இருக்கின்றன. ராத்தா எண்ணெய் காய்ச்சத் தொடங்கிய மாதமும் இருக்கிறது: 1973, ஆகஸ்ட்.

மூத்த பிள்ளை பிறந்து மூன்று மாதத்தில் ராத்தாவின் முடி கைப்பிடி கைப்பிடியாகக் கழன்றது. பிள்ளை பெற்ற பெண்களுக்கு அப்படிக் கொட்டுவது வழமை, தானாக நிற்கும் என்று இப்போது படித்திருக்கிறேன். அவள் அப்போது அதைப் படித்திருக்கவில்லை. கிணற்றடியில் தானே ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தாள். நான்கு தடவை பிழைத்தது. ஒருமுறை சாறு அதிகமாகி எண்ணெய் ஒரு வாரத்தில் புளித்தது. ஒருமுறை அடிப்பிடித்துத் தலை முழுக்கப் புகை நாறியது. ஐந்தாவது முறைதான் கை பழகியது.

தேங்காயைத் துருவிக் கெட்டிப் பாலாகப் பிழிவாள். பொன்னாங்காணி, கையாந்தகரை, மருதோண்டி இலை, செவ்வரத்தம்பூ நான்கையும் அம்மியில் அரைத்துச் சீலையில் பிழிந்த சாறு, பாலில் மூன்றில் ஒரு பங்கு. இரண்டையும் தாச்சியில் ஊற்றி, தென்னம்பாளை நெருப்பில் வைத்துக் கிண்டுவாள். பால் திரையும், தண்ணீர் வற்றும், பிறகு பச்சையாக எண்ணெய் கசிந்து மேலே வரும். இறக்கும் பதத்தை அவள் கண்ணால் பார்ப்பதில்லை. காதால் கேட்பாள். சாற்றின் ஈரம் இருக்கும்வரை தாச்சி சடசடவென்று பேசிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தம் ஓயும் நேரம் ஒரு திரியை எண்ணெயில் தோய்த்துக் கொளுத்துவாள். திரி வெடிக்காமல் எரிந்தால் இறக்கிவிடுவாள். அதற்குப் பிறகு நூறு எண்ணும் நேரம் அடுப்பில் நின்றாலும் எண்ணெய் கருகிவிடும் என்பாள். சூடு தணியும்போது வெட்டிவேரும் உலர்ந்த மகிழம்பூவும் போட்டு ஒரு இரவு மூடிவைப்பாள்.

முகத்துக்கும் மேலுக்கும் பூச ஒரு மாவும் இடித்தாள். பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், நிழலில் உலர்த்திய தோடம்பழத் தோல், கொஞ்சம் வேப்பிலை. வெயிலில் காய்ந்த தோல் மணத்தை விட்டுவிடும் என்று கட்டிலுக்கடியில் பரப்பி வைத்திருப்பாள். அந்த அறைக்குள் போனாலே மூக்கு அரிக்கும்.

இரண்டு வருடத்தில் தெருப் பெண்கள் போத்தலோடு வரத் தொடங்கினார்கள். 1976இல் கலியாண வீடுகள் அவளைத் தேடி வந்தன. கலியாணம் குறித்த பெண்ணுக்கு ஒரு மாதத்துக்கு முன்பிருந்தே வாரம் இரண்டு தரம் மாப் பூசி, எண்ணெய் வைப்பாள். கலியாணத்துக்கு முதல் நாள் காலையில் கடைசி எண்ணெயை அவள் கையாலேயே வைக்க வேண்டும். அதை யாரும் சட்டமாக்கவில்லை. முதல் மூன்று பெண்களுக்கு நல்லபடி அமைந்துவிட்டதால் நான்காவது வீடும் கேட்டது, பிறகு எல்லா வீடும் கேட்டன. 1978 நவம்பர் சூறாவளியில் எங்கள் வளவில் நின்ற ஒன்பது தென்னையில் ஏழு விழுந்தன. கடற்கரை முழுக்கத் தென்னை இல்லாமல் போன அந்தக் காலத்தில், கொழும்பிலிருந்து நிறம் போட்ட எண்ணெய்ப் போத்தல்கள் கடைகளுக்கு வந்தன. அப்போதும் கலியாண வீட்டார் எங்கிருந்தோ நான்கு தேங்காயைத் தேடி எடுத்துக்கொண்டு ராத்தாவிடம்தான் வந்தார்கள்.

மச்சான் நாவிதன்வெளிப் பக்கம் வயல் செய்தார். 1981 டிசம்பர் நடுவில், பெரும்போக வெள்ளாமை கதிரை உள்ளே பொதிந்து குடலையாக நிற்கும் நேரம், வரம்பில் அவரைப் பாம்பு தீண்டியது. கரையில் எங்கள் ஊருக்குக் கொண்டுவந்து சேர்க்குமுன் மௌத்தாகிவிட்டார். செவ்வாய்க்கிழமை, பிற்பகல் அஸர் தொழுகைக்குச் சற்று முன்பு. பிறைக் கணக்கில் ஸபர் மாதம் பதினெட்டு. ராத்தாவுக்கு அப்போது முப்பத்தைந்து வயது. இரண்டு பெண்பிள்ளைகள், மூத்தவளுக்கு எட்டு.

கணவனை இழந்த முஸ்லிம் பெண் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்க வேண்டும். வெளியே போகாமல், மறுமணம் பேசாமல், அலங்காரம் செய்யாமல். சுறுமா இல்லை, மருதோண்டி இல்லை, அத்தர் இல்லை, தலைக்கு எண்ணெய் இல்லை. ராத்தா உள்ளறையில் வெள்ளைச் சீலையோடு இருந்தாள். எண்ணெய் காய்ச்சினால் மணம் உடுப்பில் ஏறும் என்று தாச்சியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். இலந்தை இலையும் செவ்வரத்தம் இலையும் கசக்கித் தலை கழுவுவது ஆகும், அது மட்டும் செய்தாள். மூன்றாம் மாதத்தில் அவளுடைய முடி தும்புபோல் ஆகியிருந்தது. கண்ணாடி மூடியிருந்ததால் அவள் அதைப் பார்க்கவில்லை. கையால் தடவிப் பார்த்து, "கயிறு திரிக்கலாம் போல இரிக்கி" என்று என்னிடம் சொன்னாள்.

வயல் மச்சானின் குடும்பத்தாருடையது. அவர் போனதும் அதில் எங்களுக்குப் பேச்சில்லை. ராத்தாவுக்கு மிஞ்சியது எண்ணெயும் மாவும். கலியாண வீடுகள் அவளைத் திரும்பக் கூப்பிடுமா, இல்லையா. அந்த நான்கு மாதமும் அவள் வேறொன்றை யோசிக்கவில்லை. அடுத்த தெருவில் ஒருத்தி கடை எண்ணெயில் வெந்தயம் போட்டுக் காய்ச்சி விற்கத் தொடங்கிவிட்டாள் என்ற செய்தியும் வந்திருந்தது.

இத்தாவின் கடைசி மாதத்தில், எங்கள் தெருமுனைப் பெரிய வீட்டுப் பெண்மணி வந்து ராத்தாவின் அருகில் உட்கார்ந்தார். அவருடைய மகளுக்கு ஏப்ரல் இருபத்தைந்தாம் திகதி கலியாணம். நான் அறைக்கு வெளியே இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஞாயித்துக்கிழம கலியாணம் புள்ள. சனி காலையில எண்ணெய் வைக்கணும். உன்ட கை படாம என்ட மகள மணவறையில இருத்த எனக்கு மனசில்ல."

"சனிக்கிழம அஸரோடதான் மாமி எனக்கு முடியுது."

"காலையில ஏலாதா?"

"எப்படி மாமி ஏலும்?"

"அப்ப அந்த அடுத்த தெருவாளத்தான் கூப்பிடணும். நாலு நாளா கடப்பு வாசல்ல வந்து நிக்கிறா. அவட எண்ணெயில வெந்தயம் இரிக்கி, எண்ணெய்தான் இல்ல." சொல்லிவிட்டுச் சிரித்தார். ராத்தா சிரிக்கவில்லை.

அவர் போன பிறகு நான் வீட்டுக்குப் போய்க் கொப்பியை எடுத்தேன். வாப்பாவின் பெட்டியில் ஒரு பழைய மார்க்கச் சட்டக் கிதாபு இருந்தது. அதில் இத்தாவின் பாடத்தை இரண்டு தரம் வாசித்தேன். மாதத்தின் நடுவில் கணவன் மௌத்தானால், அந்த மாதத்தில் மிஞ்சிய நாட்களை எடுத்துக்கொள்ள வேண்டும். அடுத்த மூன்று மாதங்களையும் பிறைப்படி எடுக்க வேண்டும், இருபத்தொன்பதில் பிறை தெரிந்தால் இருபத்தொன்பதுதான். பிறகு முதல் மாதத்தின் குறையை முப்பதாக நிரப்பி, மேலே பத்து நாள். எங்கள் ஊர்ப் பெண்கள் பிறையைப் பார்ப்பதில்லை. நான்கு முப்பது நூற்றிருபது, பத்து நூற்றி முப்பது. அவ்வளவுதான். ஆனால் அந்த வருடம் அந்த மூன்று மாதங்களில் ஒன்று இருபத்தொன்பதில் முடிந்தது. பள்ளிவாசலில் அறிவித்த அந்த மாலையை நான் குறித்திருந்தேன். அதனால் ராத்தாவின் இத்தா நூற்று இருபத்தொன்பது நாள். சனிக்கிழமை அஸருக்கு அல்ல, வெள்ளிக்கிழமை அஸருக்கு முடிகிறது.

மூன்று தரம் கூட்டிப் பார்த்தேன். அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது நினைக்க வெறுப்பாக இருக்கிறது. ஏதோ புதையலைக் கண்டவன்போலச் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"சரியா எண்ணினயா தம்பி?"

"கிதாபுல இரிக்கி ராத்தா. எழுதிக் காட்டட்டா?"

"எனக்கு எழுதிக் காட்டி என்ன? மச்சிக்குச் சொல்லுவமா ஒரு வார்த்த?"

மச்சி என்று அவள் சொன்னது மச்சானுடைய மூத்த சகோதரியை. இத்தா முடியும் நேரத்தில் புதுச்சீலையோடு வந்து குளிக்க வார்ப்பது அவர்களுடைய குடும்பத்தின் கடமை.

"சொன்னா வேணுமெண்டே நாளக் கூட்டுவாங்க. கணக்குச் சரியா இரிக்கேக்குள்ள யாருட்டக் கேக்குற?" என்றேன்.

இந்த வாக்கியத்தை நான்தான் சொன்னேன். என்னுடைய கொப்பியில் அது இல்லை.

வெள்ளிக்கிழமை அஸர் தொழுகை முடிந்து, ராத்தா குளித்தாள். பிறகு நான்கு மாதமாகக் கவிழ்ந்து கிடந்த தாச்சியை நிமிர்த்தினாள். சாறெல்லாம் முன்னேற்பாடாக என் மனைவி பிழிந்து வைத்திருந்தாள். பொழுது பட்டு மஃரிபு தொழுமுன் எண்ணெய் இறங்கியது. கடைசிச் சத்தம் ஓயும்போது ராத்தா குனிந்து காதை வைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அது ஒருவர் சொல்வதைக் கேட்பதுபோல இருந்தது. சூடு ஆறியதும் முதல் கரண்டியைத் தன் தலையில் வைத்தாள். உச்சியில் ஊற்றி, பத்து விரலாலும் அடிமயிர் வரைக்கும் தேய்த்தாள். "குடிக்கிது தம்பி, அப்படியே குடிக்கிது" என்றாள். பிள்ளைகள் இரண்டும் வந்து உம்மாவின் தலையை மோந்து பார்த்தன.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பெரிய வீட்டுக்குப் போய் மணமகளுக்கு எண்ணெய் வைத்தாள். ஒரு போத்தல் கொடுத்துவிட்டு வந்தாள். அந்த வீட்டார் இத்தா முடிந்துவிட்டதா என்று கேட்டார்களாம். தம்பி கணக்குப் பார்த்தான், நேற்றே முடிந்துவிட்டது என்று சொன்னாளாம். "படிச்ச தம்பி, சரியாத்தான் இரிக்கும்" என்றாராம் மணமகளின் தாய்.

அன்று பகல் இரண்டு மணிக்குமேல் மச்சி வந்தார். கூட இரண்டு பெண்கள். ஒருவர் கையில் சோற்றுச் சட்டி, மச்சியின் கையில் கடதாசியில் சுற்றிய ஒரு சீலை. நான் முற்றத்தில் இருந்தேன். மச்சி வாசல்படியில் கால் வைத்ததும் நின்றுவிட்டார்.

"என்ன மணம் இது? மௌத்தான ஊட்டுல கலியாண மணம் மணக்குது."

ராத்தா வெளியே வந்தாள். நிறச்சீலை உடுத்தியிருக்கவில்லை. வெள்ளைதான். ஆனால் தலை மினுங்கியது.

"இத்தா நேத்து அஸரோட முடிஞ்சிரிச்சி மச்சி. தம்பி கிதாபப் பாத்துச் சொன்னான்."

"தம்பியா?" மச்சி என்னைத் திரும்பிப் பார்த்தார். "தம்பிக்கு எப்பயிருந்து இத்தா?"

கூட வந்தவர்களில் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

நான் எழுந்து விளக்கம் சொன்னேன். பிறை, இருபத்தொன்பது, குறையை நிரப்புவது. சட்டைப்பையில் இருந்த கடதாசியையும் எடுத்து நீட்டினேன். ஒரு பெண்ணின் மானத்தை வாசல்படியில் வைத்துக் கூட்டல் கணக்குக் காட்டிய மடையன் நான்.

மச்சி கடதாசியை வாங்கவில்லை. "எங்கட உம்மா நூத்தி முப்பது இருந்தா. அவட உம்மாவும் நூத்தி முப்பது. இவக்கு மட்டும் ஒரு நாள் கழிவா? கந்தோர்ல லீவு எண்ணுற மாதிரி எண்ணிரிக்காய் தம்பி." பிறகு ராத்தாவிடம் குரலை இறக்கி, "மௌத்தான என்ட தம்பிக்காக ஒரு நாள் பொறுக்க ஏலாமப் போச்சா புள்ள உனக்கு? அப்படி யாருக்காக இந்த அவசரம்?" என்று கேட்டார்.

சோற்றுச்சட்டியை வைத்துவிட்டுப் போனார்கள். சீலையைத் திரும்பக் கொண்டுபோனார்கள்.

அந்தக் கேள்வியின் கடைசிப் பகுதிதான் தெருவில் நடந்தது. பிறையைப் பற்றி யாரும் பேசவில்லை. யாருக்காக என்பதைத்தான் பேசினார்கள். பெரிய வீட்டுக்கு அது மஃரிபுக்கு முன்னரே போய்ச் சேர்ந்தது. இத்தா முறித்த கையால் வைத்த எண்ணெய் பெண்ணுக்கு ஆகாது என்று, அன்று மாலையே மணமகளின் தலையைத் தேசிக்காயும் சவர்க்காரமும் போட்டு மூன்று தரம் கழுவினார்களாம். அடுத்த தெருப் பெண் வந்து தன் எண்ணெயை வைத்தாளாம். மறுநாள் கலியாணம் நடந்தது. நாங்களும் போனோம், சாப்பிட்டோம். ராத்தா வரவில்லை. திங்கட்கிழமை காலையில் அந்த வீட்டு வேலைக்காரி ராத்தாவின் போத்தலைத் திருப்பிக் கொண்டுவந்தாள். உள்ளே ஒரு சொட்டு இல்லை. சாம்பல் போட்டு உள்ளும் புறமும் கழுவியிருந்தார்கள். உன் கை வேண்டும் என்று வந்து உட்கார்ந்திருந்தவர் அந்தத் தாய்தான். சனி காலையில் ஏலாதா என்று கேட்டவரும் அவர்தான்.

நான் பள்ளிவாசல் ஆலிமிடம் போனேன். என் கடதாசியை அவர் பொறுமையாகப் பார்த்தார். அலுமாரியிலிருந்து ஒரு கிதாபை எடுத்து, விரலை வைத்து வரி வரியாக வாசித்தார்.

"உங்கட கணக்குச் சரி."

"அப்ப அத ஒருக்கா வெளியில சொல்லிடுங்க ஹஸ்ரத்."

அவர் கிதாபை மூடினார். "நூத்தி முப்பது இருக்கிறதும் பிழையில்லத்தானே. பேணுதலுக்கு எண்டு ஊர்ல அப்படி இரிக்கி. ஒரு நாளுக்காக ஏன் நீங்க ஊர் வாயில போய் விழுறீங்க?"

"நான் விழல்ல. என்ட ராத்தா விழுந்திரிக்கா."

"பொறுமையா இரிக்கச் சொல்லுங்க. கொஞ்ச நாள்ல மறந்துபோகும்."

அந்த வெள்ளிக்கிழமை பிரசங்கத்தில் கணவனை இழந்த பெண்கள் அடக்கமாக இருக்க வேண்டியதைப் பற்றிப் பேசினார். யாரையும் சுட்டவில்லை. சுட்டத் தேவையும் இருக்கவில்லை. நான் மூன்றாம் வரிசையில் இருந்தேன், எழுந்து போகவில்லை. இதையும் குறித்திருக்கிறேன்.

ஊர் மறக்கவில்லை. 1982இலும் 83இலும் எங்கள் தெருவில் பதினொரு கலியாணங்கள் நடந்தன. ராத்தாவை ஒரு வீடும் கூப்பிடவில்லை. முதலில் கொஞ்சப் பேர் பின்வாசலால் வந்து தங்களுக்கென்று வாங்கிப்போனார்கள், யாரிடமும் சொல்லாதே என்றார்கள். பிறகு அவர்களும் நின்றுவிட்டார்கள். ராத்தா மருதமுனையிலிருந்து நெசவு நூல் வாங்கி வந்து சுற்றிக்கொடுக்கும் வேலை செய்தாள். அம்மியில் மிளகாய் அரைத்தாள்.

அந்த நாட்களில் நான் அவளைப் பார்க்கப் போவதைக் குறைத்துக்கொண்டேன். வேலை அதிகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவள் என்னை ஒரு வார்த்தை ஏசியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். அவள் ஏசவில்லை. போகும்போதெல்லாம் தேத்தண்ணீர் ஊற்றித் தந்தாள். ஒருநாள் மட்டும், வாசலில் இறங்கும்போது, "நீ பிழையா எண்ணியிருந்தா நல்லாயிருந்திரிக்கும் தம்பி, பிழ எண்டு சொல்லி மன்னிப்புக் கேட்டிரிக்கலாம்" என்றாள்.

1985இல் கலவரங்களால் பாதைகள் அடிக்கடி பூட்டிக் கிடந்தன. எங்கள் தெருப் பெண்களில் யாராவது மௌத்தானால் குளிப்பாட்ட வழமையாக வரும் கிழவி பக்கத்து ஊரிலிருந்து வரவேண்டும். ஒருநாள் அவரால் வர முடியவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இலந்தை இலை அரைக்கவும் கற்பூரம் கலக்கவும் பதம் தெரிந்தவள் யார் என்று யோசித்தவர்களுக்கு அப்போது ராத்தாவின் நினைவு வந்தது. வந்து கூப்பிட்டார்கள். அவள் போனாள். மையித்தின் தலையை இலந்தை இலையால் கழுவி, சிக்கெடுத்து, மூன்று பின்னலாகப் பின்னி, பின்னால் விட்டாள். இவ்வளவு மெதுவாகச் சிக்கெடுத்து அவர்கள் பார்த்ததில்லை என்று என் மனைவி வந்து சொன்னாள். அதன் பிறகு எங்கள் பக்கத்துப் பெண் மையித்துகளுக்கெல்லாம் ராத்தாதான். உயிருள்ள தலையில் அவள் கை படக்கூடாது என்றவர்கள், மௌத்தான தங்கள் தாய்மாரின் தலையை அவளிடம் கொடுத்தார்கள். இத்தா முறித்த கை என்று அப்போது ஒருவரும் சொல்லவில்லை.

1987இல் அந்தப் பெரிய வீட்டுப் பெண்மணியும் மௌத்தானார். ராத்தாவைத்தான் கூப்பிட்டார்கள். போகாதே என்று நான் சொன்னேன்.

"போகாட்டி அதையும்தான் எண்ணுவாங்க" என்று சொல்லிவிட்டுக் கற்பூரத்தை எடுத்துக்கொண்டு போனாள். மகள், அதாவது அன்றைய மணமகள், தலைமாட்டில் நின்று தண்ணீர் ஊற்றினாளாம்.

ராத்தாவின் மூத்த மகளுக்கு 1989இல் கலியாணம். எங்கள் காலத்துக்கு நல்ல இடம். மாப்பிள்ளை வீட்டார் தென்புறத்து ஊர், ஒலுவில் பக்கம். அவர்களுக்கு எங்கள் தெருக் கதை தெரியாது என்று நினைத்து நாங்கள் நிம்மதியாக இருந்தோம். ராத்தா ஏழு வருடத்துக்குப் பிறகு ஒரு கலியாணத்துக்காகத் தாச்சியில் எண்ணெய் காய்ச்சினாள். மகளுக்காக மட்டும், ஒரே ஒரு போத்தல். மாவும் இடித்தாள். அறைக்குள் மறுபடியும் தோடம்பழத் தோல் காய்ந்தது.

கலியாணத்துக்கு நான்கு நாள் முன்பு மாப்பிள்ளையின் தாய் தன் உறவுப் பெண்களோடு வந்து போனார். நல்ல மனிதர், சிரித்துப் பேசினார். போகும்போது மச்சியைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்று சொன்னார். மச்சி அதை வந்து எங்களிடம் சொன்னார். சொல்லும்போது மச்சிக்கும் முகம் சரியில்லை. வயதாகியிருந்தார்.

"புள்ளட தலையில தாய் எண்ணெய் வைக்க வேணாமாம். மையித்துக் கழுவுற கையாம். அவங்கட பக்கத்துல கலியாணத் தலையில அந்தக் கை படுறல்லயாம்."

"எந்தக் கிதாபுல இரிக்கி அது?" என்று நான் கத்தினேன்.

"கிதாப மூடுடா தம்பி" என்றாள் ராத்தா. அவள் என்னை 'டா' போட்டுக் கூப்பிட்டு அன்றுதான் கேட்டேன்.

நான் தேடினேன். வாப்பாவின் பெட்டியிலும், ஆலிமிடமும், இரவல் வாங்கிய நூல்களிலும் அந்த நான்கு நாளும் தேடினேன். எங்கேயும் இல்லை. மையித்தைக் கழுவுவது பெரிய நன்மை என்றுதான் எல்லாவற்றிலும் இருந்தது. இந்த முறை யாரிடமும் கொண்டுபோய்க் காட்டவில்லை. ஊரே அவளை அந்த வேலைக்குத் தள்ளியது. அந்த வேலையையே இரண்டாவது குற்றமாக்கியது. இதில் நான் எதைக் கூட்டி, எதைக் கழிப்பது?

கலியாணத்துக்கு முதல்நாள் காலை, உள்ளறையில் பாய் விரித்து மகளை இருத்தினார்கள். அவள் தாயைக் கூப்பிட்டாள்.

"உம்மா, நீங்களே வைங்க. யாரு பாக்கப்போறா?"

"வேணாம் மகள். மாமி வைப்பா."

மச்சிதான் வைத்தார். ராத்தா காய்ச்சிய போத்தலைக்கூட எடுக்கவில்லை. அதையும் அவள் கைதானே காய்ச்சியது. என் மனைவி கடையிலிருந்து வாங்கிவந்த பச்சை நிற எண்ணெயைத் திறந்தார்கள். அறை முழுக்க ஒரு வாசனைச் சவர்க்காரத்தின் மணம் பரவியது. மகளின் நெற்றியில் வழிந்ததை மச்சி சீலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே தடவினார். சுற்றியிருந்த பெண்கள் குரவையிட்டார்கள்.

ராத்தா குசினி வாசலில் நின்றாள். இரண்டு கையையும் முந்தானைக்குள் சுற்றி வைத்திருந்தாள். அழவில்லை. மகளின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

எனக்கு மட்டும் கேட்கும் குரலில் சொன்னாள்: "அடிமயிருக்குப் போகல்ல. மேலால தடவுறா."

அவள் அந்த இடத்தைவிட்டு ஒரு அடியும் முன்னால் வைக்கவில்லை.